வியட்நாம் கால்பந்து கிளப் ஒன்றின் வரலாற்றுப் பேரேடு எழுதும் முறை

யாங்கூன் டீக்கடைகளில் ஆசியக் கால்பந்துப் பேச்சு கிளம்பினால் வியட்நாம் கிளப்புகளின் கணக்கில்தான் தகராறு வரும். தே கோங் ஐந்து முறை சாம்பியன் என்பார் ஒருவர். இல்லை, ஆறு என்பார் அடுத்தவர். வியட்டெல் ஒரே ஒரு முறைதான் என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். மூவரும் ராணுவத்தின் கிளப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்தப் பெயரிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஆகவே ஒரு வியட்நாம் கிளப்பின் வரலாற்றைத் தொகுக்க உட்காருகிறவர் கோப்பைகளை எண்ணிக்கொண்டு தொடங்கக்கூடாது. முதலில் பெயர்வழியை, அதாவது அந்தக் கிளப் எந்த ஆண்டில் எந்தப் பெயரில் ஆடியது என்பதை, எழுத வேண்டும். அது முடியாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. கட்டம் போட்ட நீள நோட்டு 200 பக்கத்தில் இரண்டு, பென்சில், அழிப்பான், சிவப்புப் பேனா ஒன்று. கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் நல்லது. ஆனால் மூலப் பிரதி காகிதத்தில் இருக்கட்டும். கரண்ட் முறை வைத்து வரும் ஊரில், பாதி பதிவு செய்யும்போது மெஷின் அணைந்தால் எந்த வரி போனது என்று தேடவே ஒரு மாலை போய்விடும். நோட்டில் எழுதி முடித்த பக்கத்தை, கரண்ட் இருக்கும் நேரத்தில் எக்ஸெலில் ஏற்றுங்கள்.

பெயர்வழிப் பக்கத்துக்கு நான்கு கட்டம்: ஆண்டு, அப்போதைய முழுப் பெயர், ஆடிய டிவிஷன், லீக் இடம் யாரிடமிருந்து வந்தது அல்லது யாரிடம் போனது. நான்காவது கட்டத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். குழப்பமெல்லாம் அங்கேதான் பிறக்கிறது. வியட்நாமில் பெயர், ஆட்டக்காரர்கள், லீக்கில் உள்ள இடம் மூன்றும் தனித்தனிச் சொத்துகள். ஒன்று ஒரு பக்கமும் மற்றொன்று வேறு பக்கமும் போகும்.

தே கோங் பக்கத்தை எழுதினால் இப்படி வரும். 1954 செப்டம்பர் 23: ராணுவ அணியாகத் தொடக்கம். தேசிய லீக் தொடங்கியது 1980-இல். 1981–82, 1982–83, 1987, 1990 ஆகிய நான்கு பட்டங்களும் 'ராணுவக் கிளப்' என்ற பெயரில் பதிவாகியிருக்கின்றன. 1998 பட்டம் தே கோங் பெயரில். 2004-இல் கீழ் டிவிஷனுக்கு இறக்கம், 2008-இல் மீண்டும் வி-லீக் எனும் மேல் டிவிஷன். 2009 சீசன் முடிந்ததும் தே கோங் பெயர் நின்றுபோனது; வி-லீக் இடம் தன் ஹோவா அணிக்குக் கைமாறியது. ராணுவத்தின் தொலைத்தொடர்பு நிறுவனமான வியட்டெல் இளைஞர் அணியை வைத்துக்கொண்டு கீழ் டிவிஷன்களிலிருந்து ஏறி வந்தது: 2018-இல் முதல் டிவிஷன் (வி-லீக்குக்கு அடுத்த நிலை) பட்டம், 2019-இல் வி-லீக், 2020-இல் சாம்பியன். 2023-இல் பெயர் தே கோங்–வியட்டெல் ஆனது.

இப்போது எண்ணுங்கள். ராணுவக் கிளப் 4, தே கோங் 1, வியட்டெல் 1. 'மொத்தம் 6' என்று மட்டும் எழுதினால் 2009-இல் அறுந்த கயிற்றை மறைத்ததாகும். 'வியட்டெல் 1' என்று மட்டும் எழுதினால், பெயரையும் பாரம்பரியத்தையும் கிளப்பே 2023-இல் திரும்ப எடுத்துக்கொண்டதைப் புறக்கணித்ததாகும். 4+1+1 என்று பிரித்து எழுதி, பக்கத்தில் 'லீக் இடம் 2009-இல் தன் ஹோவாவுக்கு' என்று குறிப்பதுதான் நேர்மையான பதிவு. தன் ஹோவாவின் பக்கத்திலும் அதே குறிப்பு இருக்க வேண்டும். ஆனால் தே கோங்கின் பட்டங்கள் ஒன்றுகூட அங்கே ஏறக்கூடாது. இடம் வாங்கியவருக்குக் கோப்பை சேராது.

இதற்கு நேர்மாறான கண்ணி, ஒரே பெயரில் வெவ்வேறு கிளப்புகள் இருப்பது. 'ஹனோய் கிளப்' என்று பழைய அட்டவணையில் கண்டவுடன் இன்றைய ஹனோய் எஃப்சியின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். 2012-இல் அந்தப் பெயரில் ஆடியது, ஹனோய் ஏசிபியும் ஹோவா ஃபாட் ஹனோயும் இணைந்து உருவான அணி. அது அந்த ஆண்டோடு கலைந்தது. 2016 தொடக்கத்தில் அதே பெயரில் ஆடியது இன்னொரு அணி. அது சீசன் நடுவிலேயே தெற்கே இடம்பெயர்ந்து சைகோன் எஃப்சி ஆனது. இன்றைய ஹனோய் எஃப்சி 2006-இல் தொடங்கிய, டி அண்ட் டி நிறுவனத்தின் அணி. அதன் வி-லீக் பட்டங்கள் 2010, 2013, 2016, 2018, 2019, 2022. முதல் மூன்றும் ஹனோய் டி அண்ட் டி என்ற பெயரில் வென்றவை.

போலீஸ் கிளப்புகளிலும் அப்படியே. 1995-இல் சாம்பியனான ஹோ சி மின் நகரப் போலீஸ் அணி வேறு, 2025-இல் ஹோ சி மின் நகர எஃப்சி பெயர் மாறி உருவான போலீஸ் அணி வேறு. அதே 2025-இல் பின் டுவோங் மாகாணம் ஹோ சி மின் நகரத்தோடு இணைக்கப்பட்டதால் பெகாமெக்ஸ் பின் டுவோங் கிளப்பும் பெகாமெக்ஸ் ஹோ சி மின் நகரம் ஆகிவிட்டது. அதன் 2007, 2008, 2014, 2015 பட்டங்கள் பழைய பெயரிலேயே நிற்க வேண்டும். எதிரணிக் கட்டத்துக்கும் இதே விதி: ஆட்டம் நடந்த நாளில் என்ன பெயரோ அதைத்தான் எழுதணும். இன்றைய பெயரைப் பின்னோக்கி ஒட்டினால், பிறகு எந்த ஆட்டம் யாரோடு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பெயர்வழி முடிந்ததும் ஆட்டங்களைப் பதியலாம். ஒரு காலத்தில் யாங்கூன் மொகல் தெருவில், கிட்டங்கி எனும் வட்டிக்கடைகளில் செட்டியார்கள் கணக்கு எழுதிய ஒழுங்கு இதற்கும் பொருந்தும்: முதலில் குறிப்பேட்டில் நாள்வாரியாக, பிறகு பேரேட்டில் ஆள்வாரியாக, கடைசியில் ஐந்தொகை, அதாவது மொத்தக் கூட்டல், போட்டுச் சரிபார்ப்பு.

குறிப்பேட்டில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு வரி. வரிசை எண், தேதி, போட்டி, சுற்று, எதிரணி, மைதானம், சொந்த ஆட்டமா வெளி ஆட்டமா, இடைவேளை ஸ்கோர், முடிவு, கோல் அடித்தவர் நிமிடத்தோடு, தகவல் எங்கிருந்து, குறிப்பு என்று பன்னிரண்டு கட்டம். கடைசி இரண்டையும் வெறுமையாக விடாதீர்கள்.

தேதியில் கவனம். வியட்நாம் நேரம் நம் பர்மா நேரத்தைவிட அரை மணி முந்தியது. அங்கே இரவு 7.15 என்றால் இங்கே 6.45. உள்ளூர் ஆட்டங்களில் இதனால் நாள் மாறாது. மேற்கு ஆசியாவில் இரவு நேர ஆட்டம் என்றால் நமக்கும் ஹனோய்க்கும் நள்ளிரவைத் தாண்டிவிடும். வியட்நாம் செய்திகளில் மறுநாள் தேதி விழும். மைதானம் இருக்கும் ஊரின் தேதியையே எழுதுங்கள். வியட்நாமியர் எழுதுவது நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை. ஆங்கிலத் தளங்கள் சில மாதத்தை முன்னே போடும். 5-ஆம் தேதி 8-ஆம் மாதம், 8-ஆம் தேதி 5-ஆம் மாதம் ஆகிவிட்டால் சுற்று எண்தான் காட்டிக்கொடுக்கும். அதற்காகவே சுற்றுக் கட்டம்.

மைதானத்தை வைத்துச் சொந்த ஆட்டமா என்று முடிவு செய்யாதீர்கள். ஹனோயின் ஹாங் டே அரங்கம் ஒன்றுக்கு மேற்பட்ட கிளப்புகளின் வீடாக இருந்திருக்கிறது. ஹனோய் எஃப்சியும் வியட்டெலும் அங்கே மோதினால், அட்டவணையில் முதலில் வரும் பெயர்தான் சொந்த அணி.

ஆட்டக்காரர் பெயரில் பர்மாவில் வளர்ந்தவர்களுக்கு ஓரளவு பழக்கம் உண்டு. ஒரே அணியில் மூன்று ஆங், நான்கு ஸோ இருந்தால் எப்படிப் பிரிப்பது என்று நமக்குத் தெரியும். வியட்நாமில் நுயென் என்பது குடும்பப் பெயர். அதை வைத்துத் தேடினால் பாதி அணி வந்து நிற்கும். அங்கே ஆளை அழைப்பது கடைசிப் பெயரால். நுயென் வான் குயெட் என்றால் வர்ணனையில் குயெட். ஆகவே பேரேட்டை கடைசிப் பெயரின் அகரவரிசையில் அமைத்து, முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பிறந்த தேதி இல்லாத பதிவு இரண்டு ஆட்களை ஒருவராக்கிவிடும்.

ஒருவரை இரண்டு ஆட்களாக்குவதும் நடக்கும். குடியுரிமை பெற்ற வெளிநாட்டவர் வியட்நாம் பெயர் எடுத்துக்கொள்வார்கள். நாம் டின் அணியின் ரஃபாயெல்சன்தான் பின்னாளில் நுயென் சுவான் சோன். நைஜீரியாவிலிருந்து வந்த சாம்சன்தான் ஹோவாங் வூ சாம்சன். பழைய பெயரில் அடித்த கோல், புதிய பெயரில் அடித்த கோல் இரண்டுக்கும் ஒரே பக்கம் போதும். இடையில் பெயர் மாறிய ஆண்டைக் குறித்து ஒரு கோடு போடுங்கள்.

தமிழில் எழுதும்போது ஒவ்வொரு பெயருக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் வையுங்கள். நோட்டின் கடைசி நான்கு பக்கத்தில் வியட்நாம் எழுத்திலுள்ள பெயர், தமிழ் வடிவம், பர்மிய வடிவம் என்று மூன்று கட்டம் போட்டுப் பட்டியல் சேர்த்துக்கொண்டே வாருங்கள். தேடும்போது வியட்நாம் எழுத்தின் மேலும் கீழும் வரும் குறிகளோடு ஒரு முறை, குறிகள் இல்லாமல் ஒரு முறை தேட வேண்டும். சி.எல்.பி. என்ற மூன்றெழுத்து பெயரின் பகுதியல்ல, கிளப் என்று பொருள்.

சீசன் சுருக்கம் எழுதும்போது பலரும் எல்லாச் சீசனும் 26 ஆட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 14 அணி, இரண்டு முறை மோதல் என்றால் 26 சரி. 2020-இலும் 2023-இலும் அப்படி நடக்கவில்லை. 13 சுற்று முடிந்ததும் மேல் 8, கீழ் 6 என்று பிரித்தார்கள். மேலே இருந்தவர்களுக்கு மொத்தம் 20 ஆட்டம், கீழே 18. வியட்டெலின் 2020 புள்ளியை 26 ஆட்டச் சீசனோடு நேராக ஒப்பிட்டால் அந்த அணிக்கு அநியாயம். 'ஆட்டத்துக்குச் சராசரிப் புள்ளி' என்று தனிக் கட்டம் வையுங்கள். 2021 சீசன் கோவிட்டால் 12 சுற்று அளவில் ரத்து. ஹோவாங் ஆன் ஸா லாய் முன்னிலையில் இருந்தும் சாம்பியன் யாருமில்லை. அந்த ஆண்டுக்குக் கோடு போட்டு விடுங்கள், முதலிடத்தில் இருந்தவருக்குப் பட்டம் கொடுத்துவிடாதீர்கள். 2023–24 முதல் சீசன் இரண்டு ஆண்டில் படரும். 2024 என்று ஒற்றை எண் எழுதினால் எந்தச் சீசன் என்று தெரியாது.

நடுவில் விலகிய அணிகளின் ஆட்டங்கள் தனித் தலைவலி. 2013-இல் சுவான் தன் சைகோனும், 2014-இல் ஆட்ட மோசடி விவகாரத்துக்குப் பின் நின் பினும் விலகின. அவற்றோடு ஆடிய லீக் ஆட்டங்களின் முடிவுகள் ரத்தாயின. நடந்த ஆட்டத்தைக் குறிப்பேட்டிலிருந்து அழிக்காதீர்கள். சிவப்புப் பேனாவில் 'ரத்து' என்று எழுதி, புள்ளிக் கணக்கிலும் கோல் கணக்கிலும் சேர்க்காமல் விடுங்கள். இல்லையென்றால் உங்கள் கூட்டல் எந்த அட்டவணையோடும் ஒட்டாது, காரணமும் பிடிபடாது.

ஆசியப் போட்டிகளுக்கு ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்: இரண்டு ஆட்டச் சேர்ப்பு, அதாவது சொந்த மண்ணிலும் வெளியிலும் ஆடிய இரண்டு ஆட்டங்களின் கோல் கூட்டல். 2019 ஏஎஃப்சி (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) கோப்பையில் ஹனோய் எஃப்சி, நம் யாங்கூன் யுனைடெட் இருந்த குழுவில் முதலிடம் பிடித்து, ஆசியான் இறுதியில் பின் டுவோங்கை இரண்டு முறையும் 1–0 என்று வென்று மேலே போனது. வட கொரியாவின் ஏப்ரல் 25 அணியோடு சொந்த மண்ணில் 2–2, அங்கே 0–0. தோற்கவே இல்லை; கோல் கூட்டல் சமமானால் வெளியூரில் அதிகம் அடித்தவர் மேலே போவார் என்ற வெளி மைதானக் கோல் விதியால் வெளியேறியது. வெற்றி-டிரா-தோல்விக் கட்டத்தில் இரண்டு டிரா, குறிப்பில் 'வெளி கோல் விதி, வெளியேற்றம்'. தோல்வி என்று போட்டால் ஐந்தொகை உதைக்கும். யாங்கூன் யுனைடெட்டோடு ஆடிய ஆட்டங்களுக்கு இரு தரப்புப் பத்திரிகைகளையும் பாருங்கள். கோல் நிமிடத்தில் ஒன்றிரண்டு வேறுபாடு வரும், அப்போது ஏஎஃப்சியின் அதிகாரப்பூர்வ ஆட்ட அறிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஐந்தொகை ஒவ்வொரு சீசன் முடிவிலும். வெற்றி, டிரா, தோல்வி மூன்றையும் கூட்டினால் ஆட்ட எண்ணிக்கை வரணும். வெற்றியை 3-ஆல் பெருக்கி டிராவைக் கூட்டினால் புள்ளி வரணும். வராவிட்டால் மூன்று இடத்தில் தேடுங்கள்: ஆடாமலே 3–0 என்று தீர்ப்பான ஆட்டம், தண்டனையாகக் கழித்த புள்ளி, ரத்தான ஆட்டம். பழைய சீசன்களில் வெற்றிக்கு 2 புள்ளி என்ற கணக்கு இருந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 1990-களின் நடுப்பகுதிக்கு முன் உலகெங்கும் அதுவே பரவலான முறை. அடித்தவர்களின் கோலையும் எதிரணியின் சேம்சைடு கோலையும் கூட்டினால் அணியின் மொத்தக் கோல் வரணும். பெரும்பாலும் சேம்சைடு கோலில்தான் ஒன்று இடிக்கும்.

கடைசியாக ஒருவர் குறிப்பேட்டை உரக்க வாசிக்க, இன்னொருவர் எக்ஸெலில் வரி வரியாக டிக் போட்டு வரவும். எழுதியவரே வாசிக்கக் கூடாது. அவர் கண் எழுத நினைத்ததைத்தான் படிக்கும். ஒரு சீசனுக்கு மேல் ஒரே உட்காரலில் பார்க்க வேண்டாம். திருத்தம் வந்தால் பழைய எண்ணை அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு, மேலே புதிய எண்ணும் திருத்திய தேதியும் எழுதுங்கள்.