பவளத் தொட்டியில் பாஸ்பேட் குறைப்பது: பாறையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

சுங்கை சிப்புட்டில் கடல் கிடையாது, கடலைப் பார்க்க லூமுட் பக்கம் போகவேண்டும். ஆனாலும் எங்கள் வீட்டு ஹாலில் நான்கு வருடமாக 200 லிட்டர் பவளத் தொட்டி ஒன்று ஓடுகிறது. போன வருடம் கண்ணாடியைத் துடைத்த மறுநாளே பச்சை படிந்தது, பாறை மேல் முடிமுடியாகப் பாசி முளைத்தது, நன்றாக இருந்த அக்ரோபோரா பவளம் பழுப்பாகிப்போனது. அளந்து பார்த்தால், பாசிக்கு உரமாகும் பாஸ்பேட் 0.42 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு). இப்போது 0.07-ல் நிற்கிறது. எப்படிக் குறைத்தேன் என்று எழுதுகிறேன். உப்புக் கலக்குவது, ஸ்கிம்மர் வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் இலக்கு எது என்று முடிவு செய்யுங்கள். 0.03-லிருந்து 0.1 வரை போதும். பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், பவளத்துக்கும் பாஸ்பேட் வேண்டும்.

அளப்பது

நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கிட் வேண்டாம். வெளிர் நீலத்துக்கும் அதைவிட வெளிர் நீலத்துக்கும் வித்தியாசம் ராத்திரி விளக்கில் யாருக்கும் தெரியாது. ஹன்னா செக்கர் என்ற எண் காட்டும் கருவி விலை கூடுதல்தான், ஆனால் காசுக்குத் தகுந்த பொருள். அதில் பாஸ்பேட்டை நேரடியாகக் காட்டுவது ஒன்று, பாஸ்பரஸை பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் காட்டுவது ஒன்று. என்னிடம் இருப்பது இரண்டாவது. வரும் எண்ணை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்கவேண்டும். எனக்கு வந்தது 138, அதாவது 0.42.

நான் ரொம்ப நாள் தடுமாறிய இடம் இதுதான். ஒரே தண்ணீரை இரண்டு முறை அளந்தால் இரண்டு எண் வந்தது. கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். ஒரு நாள் கண்ணாடிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வெளிப்பக்கம் முழுக்க மெல்லிய பனிமூட்டம். ஏர்கான் போட்ட அறையில் வைத்திருந்த குப்பியை எடுத்துக்கொண்டு புழுக்கமான ஹாலுக்கு வந்ததும் அதன் மேல் ஈரம் பூத்திருக்கிறது, கருவி அதையும் சேர்த்துப் படித்திருக்கிறது. இப்போது குப்பியை அரைமணி நேரம் ஹாலிலேயே வைத்துவிட்டு, நார் உதிராத துணியால் துடைத்து, விரல் ரேகை இல்லாமல் மூடியைப் பிடித்துத்தான் உள்ளே வைக்கிறேன். பொடியைக் கடைசித் துகள் வரை தட்டிக் கொட்டுங்கள், மெதுவாகக் கலக்குங்கள். குமிழி ஒட்டியிருந்தாலும் எண் ஏறும்.

எங்கிருந்து வருகிறது

பெரும்பாலும் தீனிதான். நான் சாயங்காலம் போடுகிறேன், அம்மாவும் தினமும் காலையில் போட்டிருக்கிறார், பாவம் மீன் பசியோடு பார்க்கிறதே என்று. இரண்டு பேரும் பேசி ஒரு வேளையாக்கினோம். உறைந்த மைசிஸை (இறால் போன்ற குட்டித் தீனி) அலசிப் போட்டால் போதும் என்பார்கள். அலசலாம், ஆனால் அதில் போவது கொஞ்சம்தான், மீதி இறாலின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அளவைக் குறைப்பதுதான் வழி. அப்புறம் ஆர்ஓ (வடிகட்டிய) தண்ணீரை டிடிஎஸ் மீட்டரால் (கரைந்திருப்பதை அளக்கும் கருவி) பாருங்கள், பூஜ்ஜியம் வராவிட்டால் வடிகட்டியின் ரெசினை மாற்றுங்கள்.

தண்ணீர் மாற்றினால் போதாதா? 20 சதவீதம் மாற்றினால் 0.42 என்பது 0.34 ஆகும், அவ்வளவுதான்.

ஜிஎஃப்ஓ

இரும்பு ஆக்சைடு குருணை, தண்ணீரில் இருக்கும் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். நான் தோட்ட ஆபீசில் வேலை பார்ப்பதால் இதைப் புரிந்துகொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. செம்பனைக்கு ராக் பாஸ்பேட் உரம் போடுகிறோம், அதில் ஒரு பகுதியை நம் செம்மண்ணில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்ளும், மரத்துக்குச் சீக்கிரம் விடாது. தோட்டத்தில் அது நஷ்டம், தொட்டியில் நமக்கு வேண்டியதே அந்தக் குணம்தான்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதி எடுங்கள். ஆர்ஓ தண்ணீரில் செஞ்சாயம் போகும்வரை கழுவுங்கள். பையில் கட்டிப் போடுவதைவிட ரியாக்டர் (குருணை வழியாகத் தண்ணீர் ஓடும் கலம்) நல்லது, பையில் குருணை இறுகிவிடும். தண்ணீரை வேகமாக விடவேண்டாம். உலையில் அரிசி கொதிவரும்போது மேலே லேசாகப் புரளுமே, அந்த அளவு போதும். அதற்கு மேல் ஆட்டினால் குருணை உரசிப் பொடியாகித் தொட்டிக்குள் வரும். ரியாக்டரிலிருந்து வெளிவரும் தண்ணீரை வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். தொட்டித் தண்ணீரின் எண்ணே அதிலும் வந்தால் குருணை நிறைந்துவிட்டது, மாற்றுங்கள்.

மூன்றாம் நாள் 62 பிபிபி, அதாவது 0.19. சந்தோஷத்தில் ரியாக்டரை நிறுத்தினேன். ஐந்தாம் நாள் காலையில் 101, அதாவது 0.31! தீனியைக்கூட யாரும் அதிகமாகப் போடவில்லை. காரணம் பாறை. அது சுண்ணாம்பு, தண்ணீரில் பாஸ்பேட் அதிகமாக இருந்த காலமெல்லாம் அதைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது, தண்ணீரில் குறைந்ததும் திருப்பி விடுகிறது. அதனால் எண் மறுபடி ஏறினால் செய்தது வீண் என்று நினைக்காதீர்கள், குருணையை ஒரேயடியாக இரட்டிப்பாக்கவும் வேண்டாம். திடீரென்று இறங்கினால் பவளம் வெளுக்கும், அதுவும் அல்கலினிட்டி உயரமாக இருந்தால் அக்ரோபோராவின் நுனி கருகும். நான் அல்கலினிட்டியை 8 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பாதி அளவையே மூன்று முறை மாற்றி, இரண்டு மாதத்தில் 0.08-க்கு வந்தேன்.

பின்சேர்க்கை

தைப்பிங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டார், லாந்தனம் குளோரைடு சீக்கிரம் வேலை செய்யுமே அண்ணே, அதை ஊற்றலாமா என்று. வேலை செய்யும், ஆனால் வெள்ளை வீழ்படிவு உண்டாகும், அது மீனின் செவுளுக்கு ஆகாது, டாங் வகை மீன்கள் செத்த கதைகள் நிறைய உண்டு. ஊற்றவே கூடாது. நன்றாகத் தண்ணீர் கலந்து, சொட்டுச் சொட்டாக, 10 மைக்ரான் வடிபைக்குள் விழும்படி விடவேண்டும். முதல் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

இன்னொருவருக்கு எண் 0.00 வந்து, மணல் மேல் பழுப்புச் சளி குமிழியோடு படர்ந்திருக்கிறது. அது டைனோ என்ற நுண்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். உடனே ஜிஎஃப்ஓவை எடுத்துவிட்டு, தீனியைக் கொஞ்சம் கூட்டி, 0.05 வருகிறதா என்று இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். குப்பியைத் துடைத்துவிட்டு.