பாவித்த கிளாரினெட்டைத் திருத்தி எடுக்கலாமா? முடிவெடுக்கையில் நேரும் பிழைகள்

மலிவாக ஒரு கிளாரினெட் வந்திருக்கிறது, எடுக்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் விலையை விசாரிப்பதில்லை. வாசிக்கப் போவது யார் என்றுதான் கேட்பேன். பாடசாலை பாண்டில் சேரும் பிள்ளையா, தேவாலயத்தில் பாட்டுக்குத் துணை வாசிப்பவரா, கர்நாடக இசையைக் கிளாரினெட்டில் வாசித்த ஏ.கே.சி. நடராஜனைக் கேட்டு ஆசை பிடித்து, சுருதிப்பெட்டியோடு உட்கார நினைப்பவரா? இதைத் தீர்மானிக்காமல் கருவியை மட்டும் புரட்டிப் பார்ப்பதுதான் முதல் பிழை. ஒருவருக்குப் பயன்படும் கிளாரினெட் மற்றவருக்கு ஒன்றுக்கும் உதவாமல் போகலாம்.

இது எனக்குக் காசு போன பிறகு தெரிந்தது. கிளிநொச்சியில் ஒரு பழைய சாமான் கடையில் கருமரக் கிளாரினெட் ஒன்றைக் கண்டேன். வெடிப்பு இல்லை, துளைகளை மூடித் திறக்கும் உலோகச் சாவிகள் மினுங்கின. சாவிகளுக்கு அடியில் இருக்கும் பேட் என்ற சிறு மெத்தைகள் எல்லாவற்றையும் மாற்றி, தக்கை ஒட்டி, இரண்டு மாதம் அதோடு மினக்கெட்டேன். பாண்ட் ஒத்திகைக்குக் கொண்டு போனால் ஒரு சுரமும் மற்றவர்களோடு சேரவில்லை. வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸுக்குக் கீழே உள்ள துண்டை இழுத்து நீட்டிப் பார்த்தேன். மேல் நுனிக்கு அருகான துளைகளில் வரும் தொண்டைப் பகுதிச் சுரங்கள் அளவுக்கு மிஞ்சி இறங்கின, கீழ்ச் சுரங்கள் அவ்வளவாக அசையவில்லை. கருவியில் பழுதே இல்லை. அது பழைய உயர் சுருதிக்குச் செய்யப்பட்டது.

பிரித்தானிய இராணுவ பாண்டுகள் 1920களின் இறுதி வரை ‘ஏ’ சுரத்தை விநாடிக்கு 452 அதிர்வுகளுக்குச் சற்று மேலே வைத்திருந்தன. இன்றைய அளவு 440. அரைச்சுர இடைவெளியில் ஏறத்தாழப் பாதி வித்தியாசம். எந்தத் திருத்தமும் இதைச் சரிக்கட்டாது, ஏனென்றால் குழாயின் நீளமும் துளைகளின் இடமும் அந்தச் சுருதிக்கே அளந்து போடப்பட்டவை. ஆகவே பேட் பார்க்கும் முன் முத்திரையைப் பாருங்கள். பெயருக்குக் கீழே எச், பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் உயர் சுருதி. பூஸி, ஹோக்ஸ் என்ற இரண்டு இலண்டன் நிறுவனங்களும் 1930இல்தான் ஒன்றாகின. இரண்டில் ஒன்றின் பெயர் மட்டும் தனியாக இருந்தால் அதற்கு முந்திய கருவியாக இருக்கலாம், கவனம். எழுத்தே இல்லாவிட்டால் அளந்து பாருங்கள். இன்றைய பி பிளாட் கிளாரினெட் முழுதாகப் பூட்டினால் 66 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் குறைந்தால் சந்தேகப்படுங்கள். ஊதக்கூடிய நிலையில் இருந்தால் இன்னும் நல்லது: இடது பெருவிரலையும் அடுத்த மூன்று விரல்களையும் மூடி ஊதினால் கைத்தொலைபேசியில் சுருதி காட்டும் டியூனர் பி பிளாட் காட்ட வேண்டும். பி பிளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் முள் நின்றால் விட்டுவிடுங்கள்.

பாண்டில் வாசிப்பவருக்குத்தான் இந்தப் பேச்சு. தனியாகக் கர்நாடக இசை வாசிப்பவர் மின்சுருதிப்பெட்டியைத் தன் கருவிக்கு ஏற்றபடி நுணுக்கமாகக் கூட்டிக்கொள்ளலாம். அவருக்கு உயர் சுருதி பெரிய குறையில்லை. சாவி அமைப்பும் இப்படித்தான். இன்று பாண்டுகளில் உள்ளது 1839க்கும் 1843க்கும் இடையில் பாரிசில் குளோசேயும் புஃபேயும் உருவாக்கிய அமைப்பு: 17 சாவி, விரல் துளைகளைச் சுற்றி 6 வளையம். அதற்கு முந்திய எளிய அமைப்பில் சாவியும் வளையமும் குறைவு, விரல் பிடிப்பும் வேறு. பாண்டில் பழகும் பிள்ளைக்கு அதைக் கொடுத்தால், ஆசிரியர் காட்டுவது ஒன்று, கையில் இருப்பது வேறொன்று என்று பிள்ளை குழம்பிப் போகும். துளையை விரலால் மெல்லத் திறந்து கமகம் பிடிக்க நினைப்பவருக்கு அதே கருவி வசதியாக இருக்கும்.

அடுத்த பிழை, மினுக்கத்தை நம்புவது. வயலினைப் போல வயதேற விலையும் ஏறும் என்ற நினைப்பும் இதோடு சேர்ந்ததே. கிளாரினெட் அப்படியல்ல. சாவிகளின் மினுக்கம் துணியாலும் வரும். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து மேல் துண்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான், மேல் நுனியிலிருந்து மரத்தின் நாரோடு ஓடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்து, மாரியில் ஈரம் குடித்து, தகரப் பெட்டிக்குள் வருடக்கணக்கில் கிடந்த மரம் வெடிக்காமல் இருந்தால் அதிர்ஷ்டந்தான். துளையைத் தொடாத சிறு வெடிப்பை ஒட்டலாம். துளையைக் குறுக்கே வெட்டியிருந்தால், அல்லது துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் கழுத்து உடைந்திருந்தால், மலிவுக் கருவிக்கு அந்தச் செலவு தகாது.

சாவி ஒன்று உடைந்திருந்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள். நல்ல சாவிகள் செம்பு, நிக்கல், நாகம் கலந்த உலோகம். வளையும், உடைந்தாலும் பற்றவைக்கலாம். பெயர் இல்லாத சில கருவிகளில் உள்ளே மங்கிய சாம்பல் நிறம் தெரியும். அது வார்ப்பு, பற்று நிற்காது. அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஊதிப் பார்த்துச் சத்தம் வரவில்லை என்று ஒதுக்குவதும் பிழை. மவுத்பீஸில் பூட்டும் மெல்லிய நாணல் தகடான ரீட் பழையதென்றால் காய்ந்து கோணலாகியிருக்கும். அதை வைத்து யார் ஊதினாலும் கீச்சிடும். புதிய ரீட் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டு போங்கள். மேல் துண்டின் துளைகளை விரல்களால் மூடி, அடியை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் காற்றை உறிஞ்சுங்கள். உறிஞ்சிய பிடி ஓரிரு விநாடி நின்றால் பேட்கள் பரவாயில்லை. உடனே விட்டுப்போனால் முழுத் தொகுதியும் மாற்ற வேண்டியிருக்கும். பேட் மாற்றுவது மட்டும் என்றால் பயப்பட வேண்டாம், அது எந்தக் கிளாரினெட்டுக்கும் வருகிற வேலை.

அப்புறம் வீட்டுத் திருத்தங்கள். இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் மீட்கக்கூடிய கருவிகள் இதில் அழிகின்றன. இறுகிய துண்டுகளை முறுக்கிக் கழற்றாதீர்கள். கழுத்து உடையும், இரண்டு துண்டுகளின் சாவிகளை இணைக்கும் பாலங்கள் வளையும். தேங்காய் எண்ணெயைச் சாவிகளில் விடாதீர்கள். அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும், பேட்களைக் கெடுக்கும். உலோகம் மினுக்கும் பசையும் பேட்களுக்குள் இறங்கும். மவுத்பீஸைக் கொதிநீரில் போடாதீர்கள். எபனைட் என்ற கடின ரப்பர் நிறம் மாறும், வடிவமும் கெடும். இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போதும். பூஞ்சணம் பிடித்த பெட்டியை மட்டும் யோசிக்காமல் எறியலாம்.

காசைக் கணக்கிடும்போது கருவியின் விலையோடு நிற்கக் கூடாது. பேட் தொகுதி, தக்கை, நல்ல மவுத்பீஸ், ரீட், கூலி, கைதேர்ந்தவரிடம் கொழும்புக்குக் கொண்டு போய்த் திரும்பும் பஸ் செலவு, எல்லாவற்றையும் கூட்டுங்கள். நல்ல நிலையில் உள்ள பாவித்த பிளாஸ்ரிக் மாணவர் கிளாரினெட் ஒன்றின் விலையில் மூன்றில் இரண்டைக் கூட்டுத்தொகை தாண்டினால் நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். யமஹாவின் மாணவர் வகைகள் போன்றவை கச்சானுக்கும் மாரிக்கும் வெடிப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இங்கே அதுவே நல்லது.

இடம்பெயர்வுகளில் தூக்கிக்கொண்டு நடந்த, தகப்பனோ பாட்டனோ வாசித்த கிளாரினெட் என்றால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அதைத் திருத்துவதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதைத் திருத்தி, பழகும் பிள்ளையின் கையில் கொடுத்து, இதில்தான் நீ வாசிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். பிள்ளைக்கு வேறொன்று எடுங்கள். பெரியவரின் கருவியைப் பெரியவர்கள் வாசிக்கலாம்.

திருத்தி வந்த மரக் கிளாரினெட்டை அன்றைக்கே ஒரு மணிநேரம் ஊதுவதும் பிழை. நெடுங்காலம் காய்ந்த மரத்துக்குள் மூச்சின் ஈரமும் சூடும் ஒரேயடியாகப் போனால் மேல் துண்டு வெடிக்கும். முதல் இரண்டு வாரம் நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் உள்ளே துணி இழுத்துத் துடைத்து, துண்டு துண்டாகக் கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.