ரோம்மானிலிருந்து சிஸ்கோ ரவுட்டரில் ஐஓஎஸ் ஏற்றுவது

கன்சோல் கேபிளைச் செருகி, டெர்மினலை 9600 பாட், 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என அமையுங்கள். ஃப்ளாஷ் நினைவகத்தில் இமேஜ் (ஐஓஎஸ் இயங்குதளக் கோப்பு) கெட்டுப்போயிருந்தால் ரவுட்டர் தானாகவே ரோம்மானில், அதாவது ஐஓஎஸ் இல்லாமலும் இயங்கும் அடிப்படை மீட்பு நிரலில், நிற்கும். இல்லையென்றால், பவர் போட்ட 60 நொடிக்குள் டெர்மினலிலிருந்து பிரேக் சிக்னல் அனுப்புங்கள்.

கணினியை ரவுட்டரின் முதல் ஈதர்நெட் போர்ட்டில் மட்டும் இணையுங்கள். மற்ற போர்ட்டுகளை ரோம்மான் பொதுவாகப் பார்ப்பதில்லை. பிறகு ரோம்மானில் ஐந்து மாறிகளை அமையுங்கள்: ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே, டிஎஃப்டிபி சர்வர் (இமேஜ் கோப்பை அனுப்பும் உங்கள் கணினி), கோப்பின் பெயர். மாறிப் பெயர்கள் பெரிய எழுத்தில்தான் இருக்க வேண்டும். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கேட்வே தேவைப்படாவிட்டாலும் காலியாக விடாதீர்கள், சர்வரின் முகவரியையே கொடுங்கள்.

அடுத்து, சர்வரிலிருந்து இமேஜை இறக்கும் டிஎஃப்டிபிடிஎன்எல்டி (tftpdnld) கட்டளை. பல மாடல்களில் இது ஃப்ளாஷ் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் எழுதும். ஆகவே இமேஜின் எம்டி5 மதிப்பை (கோப்பு சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) முன்பே சரிபாருங்கள், கட்டாயம். '-ஆர்' விருப்பம் இருக்கும் மாடல்களில், ஃப்ளாஷைத் தொடாமல் நினைவகத்திலேயே ஏற்றிச் சோதித்துப் பார்க்கலாம்.

டைம்அவுட் வந்தால் முதலில் கணினியின் ஃபயர்வாலைப் பாருங்கள். டிஎஃப்டிபி பயன்படுத்தும் யுடிபி போர்ட் 69 அடைபட்டிருக்கலாம். 32 எம்பி அருகே நின்றுபோனால் கோளாறு சர்வரில்: பழைய டிஎஃப்டிபி மென்பொருளில் 512 பைட் தொகுதிகளின் எண்ணிக்கை 65,535-ஐத் தாண்டாது. வேறு சர்வரை மாற்றுங்கள்.

கன்சோல் கேபிள் வழியாகவே கோப்பை அனுப்பும் எக்ஸ்மோடம் கடைசி வழி. 9600 வேகத்தில் 30 எம்பி ஏற ஒன்பது மணி நேரமாவது ஆகும்.

முடிந்ததும் ரீசெட். மீண்டும் ரோம்மானிலேயே நின்றால் கான்ஃபிக் ரெஜிஸ்டரை (ரவுட்டர் எப்படி பூட் ஆக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) 0எக்ஸ்2102 ஆக்குங்கள்.