இன ஒதுக்கல் கட்டடத்தைச் சிவில் உரிமை மையமாக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவில் ஒருகாலத்தில் 'வெள்ளையருக்கு மட்டும்' என்றோ 'கறுப்பருக்கு' என்றோ பிரித்து வைத்திருந்த பள்ளிகள், நூலகங்கள், பேருந்து நிலையங்கள் சில இன்று அருங்காட்சியகமாகவும் சமூக மையமாகவும் நிற்கின்றன. இப்படி ஒரு கட்டடம் கைக்கு வந்ததும் பெயின்ட், கூரை, கழிவறை என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் முடிவாக வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கட்டடம் எந்த ஆண்டைக் காட்டப்போகிறது? இதற்குப் பதில் இல்லாமல் வேலையைத் தொடங்கினால், பின்னால் வரும் தவறுகளில் பாதி தானாகவே வந்து சேரும்.

ஆண்டைத் தப்பாகப் பிடிப்பது

நியூ ஆர்லியன்ஸ் நகரின் லோயர் நைன்த் வார்டில், செயின்ட் கிளாட் அவென்யூவில் இருக்கும் மெக்டொனா 19 பள்ளியை எடுத்துக்கொள்வோம். கட்டியது 1929இல். வெள்ளையினப் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளியாக இருந்தது. பள்ளிகளில் பிரித்து வைப்பதை நிறுத்தச் சொன்ன நீதிபதி ஸ்கெல்லி ரைட்டின் உத்தரவுப்படி 1960 நவம்பர் 14 அன்று ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமிகள் மூவர் மத்திய அரசின் மார்ஷல்கள் காவலோடு அதன் படியேறினார்கள். லியோனா டேட், கெயில் எட்டியன், டெஸ்ஸி பிரிவோ. அன்றே வெள்ளையினப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள். பிறகு ஓராண்டுக்கும் மேலாக, அவ்வளவு பெரிய பள்ளியில் ஏறக்குறைய இந்த மூவர் மட்டும்தான். வெளியிலிருந்து யாரும் பார்க்காதபடி வகுப்பறை ஜன்னல்களில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. குடிநீர்க் குழாய்களை அடைத்து வைத்திருந்தார்கள். வெளியே விட முடியாததால் இடைவேளையில் மாடிப்படிக்கு அடியில் விளையாடினார்கள்.

மரபுக் கட்டடக் கலைஞரிடம் இதைக் கொடுத்தால் அவர் கை 1929க்குத்தான் போகும். திறப்பு விழா நாளில் இருந்த மாதிரி முகப்பையும் விளக்கையும் வண்ணத்தையும் மீட்பதுதான் அவர் படித்த படிப்பு. ஆனால் இந்தக் கட்டடத்தின் கதை 1960இல் இருக்கிறது. தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே இந்தத் தவறு நுழைந்துவிடுகிறது. அங்கே 'ஏ' அளவுகோல் நிகழ்வுக்கு, 'சி' அளவுகோல் கட்டடக் கலைக்கு. இரண்டில் எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து 'முக்கியத்துவக் காலம்' என்ற வரி நிரப்பப்படும். கட்டடக் கலையை மட்டும் சொல்லி 1929 என்று எழுதிவிட்டால், 1950களில் மாட்டிய கதவும் விளக்கும் பின்னால் வந்த ஒட்டுகளாகி, கழற்றிப் போட அனுமதி கிடைத்துவிடும். சிறுமிகள் பார்த்ததோ அந்தக் கதவைத்தான். இரண்டு அளவுகோலும் பொருந்தினால் இரண்டையும் எழுதுங்கள். முக்கியத்துவக் காலத்தில் நிகழ்வு நடந்த ஆண்டு இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள்.

மாடிப்படியின் அடிப்பகுதியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். வரைபடத்தில் அது வெற்றிடம். மின் ஒப்பந்தக்காரருக்கு ஸ்விட்ச் பெட்டி வைக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது; துப்புரவுப் பொருள் அறைக்கும் அதைத்தான் கேட்பார்கள். ஆகவே வடிவமைப்பு தொடங்கும் முன்பே தளவாரியாக ஒரு வரைபடம் போட்டு, ஒவ்வோர் அறையிலும் என்ன நடந்தது, அதைச் சொன்னவர் யார், எந்த ஆவணம் சொல்கிறது என்று குறியுங்கள். உயிரோடு இருப்பவர்களை அழைத்துக் கட்டடத்துக்குள் நடக்க வையுங்கள். உட்கார வைத்துக் கேட்டால் வராத நினைவு வாசற்படியில் நின்றால் வரும். சுவர் சுவராக அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, 'அப்படியே இருக்கட்டும்', 'பழுதுபார்க்கலாம்', 'நீக்கலாம்' என மூன்று நிறத்தில் சீட்டு ஒட்டுங்கள். ஒப்பந்தப் பத்திரத்தோடு இந்தப் பட்டியலும் இணைய வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னது வேலை நடக்கும் இடத்தில் நிற்காது.

எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே கதை

'பிரித்து வைத்தார்கள், போராடினோம், வென்றோம்' என்று எல்லா இடத்திலும் ஒரே பலகையை மாட்டுவது சோம்பேறித்தனம். உண்மைக்கும் ஒத்து வராது.

வர்ஜீனியாவின் ஃபார்ம்வில்லில் இருக்கும் மோட்டன் உயர்நிலைப் பள்ளி கறுப்பின மாணவர்களுக்காக 1939இல் திறந்தது. 180 பேருக்குக் கட்டிய இடத்தில் 450க்கும் மேல் படித்தார்கள். தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. 1951 ஏப்ரல் 23 அன்று பதினாறு வயது பார்பரா ஜான்ஸ் தலைமையில் மாணவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். இங்கே நெரிசலும் ஓட்டைக் கூரையும் கதையின் மையம். அதே வாக்கியத்தைக் கான்சஸ் மாநிலம் டொபீகாவின் மன்ரோ பள்ளிக்கு எழுதினால் தவறு. அதுவும் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளிதான். ஆனால் நல்ல கட்டடம், நல்ல ஆசிரியர்கள். வசதி சமமாக இருந்தாலும் பிரித்து வைப்பதே அநீதி என்று 1954 பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல முடிந்ததற்கு அது ஒரு காரணம். மன்ரோவை இடிந்த பள்ளியாகச் சித்திரித்தால் தீர்ப்பின் உயிர்நாடியே போய்விடும்.

வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகரத்தில் இன்று கறுப்பின வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடம் 1940இல் கட்டிய ராபின்சன் நூலகம். அதை வெற்றிச் சின்னமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. நடந்தது வேறு. 1939 ஆகஸ்டில் வழக்கறிஞர் சாமுவேல் டக்கர் ஏற்பாட்டில் ஐந்து கறுப்பின இளைஞர்கள் வெள்ளையருக்கான பொது நூலகத்தில் போய் உட்கார்ந்து படித்துக் கைதானார்கள். அவர்களை உள்ளே விடாமல் இருக்க நகர நிர்வாகம் கட்டிக்கொடுத்த தனி நூலகம்தான் இது. டக்கர் அதில் உறுப்பினராக மறுத்தார். அது தட்டிக்கழிக்கக் கட்டிய கட்டடம் என்று பலகையில் எழுத முடியாத மையம் வேறு எதையும் நேர்மையாக எழுதாது.

மெக்டொனா 19க்கும் 'அன்று முதல் எல்லோரும் சேர்ந்து படித்தார்கள்' என்ற முடிவு கிடையாது. வெள்ளையினக் குடும்பங்கள் விலகின. 1962இல் பள்ளி கறுப்பினப் பள்ளியாக மாற்றப்பட்டது. மூவரும் வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டு அங்கே கொடுமையை நேருக்கு நேர் சந்தித்தார்கள். 1960 நவம்பர் 14 அன்றே அதே நகரின் வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளிக்குள் நுழைந்த கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் உலகறிந்த பெயராகிவிட்டதால் இந்த மூவரை அவர் கதையின் துணைப்பாத்திரமாக எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டு பள்ளி, நான்கு சிறுமிகள் என்று எழுதுங்கள்.

தடயத்தைப் பூசி மறைப்பது, போலியை மாட்டுவது

அலபாமாவின் மான்ட்கோமரியில் கிரேஹவுண்ட் பேருந்து நிலையத்தில் 1961 மே 20 அன்று 'சுதந்திரப் பயணிகள்', அதாவது பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பயணித்தவர்கள், தாக்கப்பட்டார்கள். இன்று அது அருங்காட்சியகம். அதன் பக்கச்சுவரில் கறுப்பினத்தவருக்கான தனிவாசல் இருந்த இடம் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கிறது; உற்றுப் பார்த்தால் வாசலின் வடிவம் தெரியும். சுவரை ஒரே சீராகப் பூசச் சொல்லும் ஒருவர் போதும், அந்தச் சாட்சி ஒரே நாளில் காணாமல் போக. அடைத்த வாசல், குழாய் பிடுங்கிய இடத்தின் ஒட்டு, தடுப்புச்சுவர் நின்ற கோடு, திருகாணி ஓட்டைகள் ஆகியவற்றைத் தேடிக் குறித்த பிறகே பூச்சு வேலைக்காரரை உள்ளே விடுங்கள்.

இதன் மறுபக்கம், 'கறுப்பருக்கு' என்று எழுதிய பழைய மாதிரிப் பலகையை வாங்கி மாட்டுவது. சந்தையில் கிடைப்பவற்றில் புதிதாகச் செய்து பழசாக்கியவை ஏராளம். எந்தக் கட்டடத்தில் இருந்தது, யார் கழற்றியது, கையிலிருந்து கைக்கு எப்படி வந்தது என்ற தொடர்ச்சி இல்லாத பலகையைக் காட்சிக்கு வைக்காதீர்கள். நகல்தான் வேண்டுமென்றால் நகல் என்று கண்ணில் படும் அளவில் எழுதுங்கள். ஒரு போலி அகப்பட்டால் உண்மையான பத்தையும் பார்வையாளர் சந்தேகப்படுவார்.

கட்டட வேலையில்

பழைய செங்கல் சுவரின் இடுக்குகளில் சாந்து உதிர்ந்திருந்தால் கையோடு சிமெண்டை அப்புவது பழக்கம். சிமெண்டுச் சாந்து பழைய செங்கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. ஈரம் செங்கல்லின் முகம் வழியாக வெளியேறும். கூடவே வந்த உப்பு அங்கே படிகமாகி முகத்தைச் செதில் செதிலாக உரிக்கும். 1920களின் கட்டடங்களில் பழைய சாந்திலேயே கொஞ்சம் சிமெண்ட் இருக்கக்கூடும், அதனால் ஊகிக்க வேண்டாம். மாதிரி எடுத்துச் சோதித்து, அதைவிடக் கடினமாகாத கலவையைப் பிடியுங்கள். இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் வரை பழையதை எடுக்க வேண்டும்: 3/8 அங்குல இடுக்கு என்றால் முக்கால் முதல் ஓரங்குலம். புதுச் சாந்தைக் கால் அங்குலத் தடிப்பாக, ஒரு படலம் கட்டைவிரல் தடம் தாங்கும் அளவு இறுகிய பின் அடுத்தது என்று அடைக்க வேண்டும். கிரைண்டர் வைத்தால் செங்கல்லின் விளிம்பு போய்விடும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதை நினைக்கவே வேண்டாம். செங்கல்லின் சுட்ட மேல்தோல் போனால் திரும்பாது.

1978க்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசி காற்றில் கலந்து குழந்தைகளின் உடம்புக்குள் போகும். ஒன்பது அங்குலச் சதுரத் தரைவில்லை, அதன் அடியில் உள்ள கறுப்புப் பசை, கொதிகலன் அறைக் குழாய்களின் உறை ஆகியவை ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகத்துக்கு முதலிடம். இடிக்கும் முன் உரிமம் பெற்றவரின் பரிசோதனை சட்டப்படி தேவை. தன்னார்வலர்களைக் கூட்டி வார இறுதியில் தரையைப் பெயர்க்கும் நல்லெண்ணம் ஆபத்தானது.

வாசலுக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. பழைய பள்ளிகளின் முதன்மைத் தளம் உயரத்தில் இருக்கும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். 30 அங்குல ஏற்றத்துக்கு ஒருமுறை 60 அங்குலச் சமதளம் வேண்டும். ஐந்தடி உயரம் என்றால் சாய்வே 60 அடி, மேல், நடு, கீழ்ச் சமதளங்களோடு 75 அடி. முகப்பில் இது அடங்காது என்றதும் 'பின்பக்கம் ஒரு வாசல் வைத்துவிடலாம்' என்பார்கள். தனிவாசல் வைத்த அநீதியைச் சொல்லும் கட்டடத்தில் மாற்றுத்திறனாளிகளைப் பின்வாசலால் அனுப்புவதா? தரைமட்டத்தில் ஒரு வாசலைத் திறந்து, லிஃப்ட் வைத்து, எல்லோருக்கும் அதையே பொதுவாசல் ஆக்குங்கள். சிறுமிகள் ஏறிய படிக்கட்டை இடிக்காமல், சக்கர நாற்காலியில் இருப்பவரும் அருகிலிருந்து பார்க்கும்படி காட்சிப்பொருளாக விடுங்கள்.

பணம்

மத்திய அரசின் வரலாற்றுக் கட்டட வரிச்சலுகை, தகுதியுள்ள செலவில் 20 சதவீதம். ஐந்தாண்டில் பிரித்துக் கிடைக்கும். விண்ணப்பம் மூன்று பகுதி. முதலாவது முக்கியத்துவம், இரண்டாவது செய்யப்போகும் வேலை, மூன்றாவது முடித்ததற்குச் சான்று. இரண்டாம் பகுதி ஒப்புதல் வருமுன் ஜன்னல்களைப் பிடுங்கி அலுமினியம் மாட்டிவிட்டு மொத்தச் சலுகையையும் ஆபத்தில் தள்ளுவது வழக்கமான விபத்து. இன்னொன்று: இது வருமானம் தரும் கட்டடங்களுக்கு மட்டும். லாப நோக்கற்ற அமைப்பு தானே நடத்தும் அருங்காட்சியகத்துக்குக் கிடைக்காது. மெக்டொனா 19இல் லியோனா டேட்டின் அறக்கட்டளை ஒரு கட்டுமான வளர்ச்சி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. மேல்தளங்களில் முதியோருக்கான 25 குறைந்த வாடகை வீடுகள், கீழே கண்காட்சி என்று அமைத்து 2022இல் திறந்தார்கள். மூவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்தால் அதற்கு டி.இ.பி. மையம் என்று பெயர். வாடகை இருப்பதால் கட்டடத்துக்கு மாதாமாதம் ஒரு வருமானம் உண்டு. இப்படிக் கூட்டுச் சேரும்போது சமூக அமைப்பு வெறும் பெயர்ப்பலகையாகிவிடாமல், கண்காட்சியின் உள்ளடக்கம், பொதுஅறை நேரம், பிற்காலத்தில் வாங்கும் உரிமை ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். அமைப்புக்குத் தரும் குத்தகை 20 ஆண்டைத் தாண்டினால் சலுகைக்கே சிக்கல் வரலாம். வரி வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தேசியப் பூங்காச் சேவையின் சிவில் உரிமை மானியம் செலவழித்த பின் திருப்பித் தரப்படுவது. கையில் சுழல்பணம் இல்லாமல் வேலை தொடங்கினால் ஒப்பந்தக்காரர் பாதியில் நிறுத்துவார்.

பொருளும் சாட்சியமும்

புகைப்படம், செய்தித்தாள், துணி ஆகியவற்றின் அசலுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே உச்சம். ஜன்னலோரம் வைத்தால் அதைப் பல மடங்கு தாண்டும். வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போவது, ஓய்வு கொடுத்தால் ஆறாது. ஆகவே நகலைக் காட்டி அசலைப் பெட்டியில் வையுங்கள். லோயர் நைன்த் வார்டு 2005இல் கத்ரீனா வெள்ளத்தில் மூழ்கிய இடம். அதுபோன்ற பகுதியில் அசல் ஆவணங்களும் மின்பலகையும் தரைத்தளத்தில் இருக்கவே கூடாது.

டெஸ்ஸி பிரிவோ 2024இல் காலமானார். கண்காட்சி முடியட்டும், பிறகு பேட்டி எடுக்கலாம் என்று தள்ளிப்போடும் மையங்கள் சாட்சிகளை இழக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். அனுமதிப் படிவத்தில் 'எல்லாவற்றையும் வெளியிடலாம்' என்ற ஒரே கட்டம் போதாது. முழுதும் வெளியிட, குறித்த பகுதியை மறைக்க, குறித்த ஆண்டுவரை மூடி வைக்க, திரும்பப் பெற என்று நான்கும் இருக்கட்டும். பேசி முடித்த அன்றே கையெழுத்துக் கேட்காமல், எழுத்துப்படியை அனுப்பி இரண்டு வாரம் கொடுங்கள். பள்ளிக் குழுக்கள் வரும்போதெல்லாம் சாட்சிகளை நேரில் நிறுத்தி, தங்கள்மேல் எச்சில் துப்பியதையும் தங்களை அடித்ததையும் மறுபடி மறுபடி சொல்ல வைக்காதீர்கள், அதற்குத்தான் பதிவு.