ஊருக்குக் கிளம்பும் முன் குழாயைக் காலி செய்யுங்கள்

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் அசாஹிகாவா போன்ற நகரத்தில் வேலையா? புத்தாண்டு விடுமுறைக்குப் பெட்டி கட்டும் முன் தண்ணீர்க் குழாயைக் கவனியுங்கள். ஜப்பானில் பதிவான மிகக் கடும் குளிர், 1902 ஜனவரி 25 அன்று மைனஸ் 41 டிகிரி, இந்த ஊரில்தான்.

இங்குள்ள வீடுகளில் 'மிசுநுகி' என்றொரு ஏற்பாடு உண்டு. நீர் வரத்தை அடைத்து, குழாயில் நிற்கும் நீரை வடித்துவிடும் வால்வு. சில வீடுகளில் கைப்பிடி, சிலவற்றில் சுவரில் பொத்தான். அதை மூடிவிட்டு எல்லாக் குழாய்களையும் திறந்து வையுங்கள்; காற்று உள்ளே போனால்தான் நீர் முழுதாக இறங்கும். பலர் கோட்டை விடுவது சுடுநீர்க் குழாயில்தான். கழிப்பறைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

உள்ளே நிற்கும் நீர் உறைந்து குழாய் வெடித்தால் பழுதுச் செலவு பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில் விழும். சாவி வாங்கும் நாளிலேயே வீட்டுத் தரகரை வால்வை இயக்கிக் காட்டச் சொல்லி, கைபேசியில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். உறைபனி இரவில் ஜப்பானிய எழுத்துகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

திரும்பி வந்ததும் முதலில் குழாய்களை மூடுங்கள், பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். நான் ஒருமுறை தலைகீழாகச் செய்துவிட்டு, நள்ளிரவில் சமையலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.