செடிக்குப் பானை, எழுத்துக்குக் காலை

வேலூர் வெயிலில் தோட்டமும் வைத்துக்கொண்டு எழுதவும் செய்கிறீர்களா? செடிகளுக்கு நடுவே வர்ணம் பூசாத மண்பானை ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, மாலையில் நீர் நிரப்பி, வாயைக் கொட்டாங்கச்சியால் மூடிவிடுங்கள். காலையில், எழுத்து ஓடுகிற அந்த ஒரு மணி நேரத்தில், வாளியும் கையுமாக அலைய வேண்டியதில்லை.

பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து நேரே வேருக்குப் போகிறது. சுற்றியுள்ள மண் காய்ந்தால் கசிவு கூடும், ஈரமாக இருந்தால் குறையும். மேல்மண் உலர்ந்தே கிடப்பதால் ஆவியாவதும் குறைவு, களையும் குறைவு. என் வீட்டில் 5 லிட்டர் பானை ஒன்று, ஒரு சாண் தள்ளி நட்ட மூன்று கத்திரிச் செடிகளை மே மாதத்திலும் இரண்டு நாள் தாங்குகிறது. (2023இல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளுக் கத்திரிதான். காம்பு முள் விரலில் ஏறினால் அன்றைக்குத் தட்டச்சு தள்ளாட்டம்.)

ஐப்பசி மழையில் பானை தேவையில்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் துளைகள் அடைத்துக்கொள்ளும். தேய்த்துக் கழுவலாம், ஆனால் புதுப்பானை வாங்குவதே மேல். விதை தூவி முளைக்க வைக்கும் கீரைப் பாத்திக்கும் இது உதவாது, அதற்கு மேல்மண் நனைய வேண்டும்.