தொலையவில்லை, திருடு போனது: காவல் நிலையத்தில் புதிய சுற்றுலா வழிகாட்டிகள் செய்யும் தவறுகள்

சென்ற ஜனவரியில், சீசன் உச்சத்தில், ஒரு பிரெஞ்சுக் குழுவுடன் வெளியூர் போயிருந்தேன். வேறொரு வேலையாக அந்த ஊர்க் காவல் நிலையத்தில் காத்திருந்தபோது எனக்கு முன்னால் ஒரு ஜெர்மானியப் பெண்மணி நின்றிருந்தார். கூடவே, உரிமம் வாங்கி ஓராண்டுகூட ஆகாத ஒரு வழிகாட்டித் தம்பி. பைக்கில் வந்த இருவர் தோள்பையைப் பிடுங்கிக்கொண்டு போனதாக அவர் ஆங்கிலத்தில் தெளிவாகவே சொன்னார். தம்பி எழுத்தரிடம் திரும்பி, "அம்மாவின் பை தொலைந்துவிட்டது சார்" என்றான்.

எழுத்தர் முகத்தில் நிம்மதி படர்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அந்த வாக்கியத்தை ஒரு காலத்தில் நானே, அதே பணிவான குரலில் சொல்லியிருக்கிறேன்.

பயணியை கமிஷன் கடைக்கு இழுத்துப் போகாதே, டாலரைக் கைமாற்றிக் கொடுக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. பயிற்சி வகுப்பில் சொல்லிவிடுவார்கள். அங்கே சொல்லாதவை மட்டும்.

"அவர் எங்கே தங்கியிருக்கிறார்?"

வெளிநாட்டவர் எந்தப் புகாரோடு போனாலும் காவலர் முதலில் கேட்பது இதைத்தான். காரணம், படிவம் சி என்று பலரும் சொல்லிப் பழகிய தங்குமிடப் பதிவு. வெளிநாட்டவருக்கு அறை கொடுக்கும் எவரும், அது நட்சத்திர விடுதியானாலும் வீட்டு மாடி அறையானாலும், 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். மாமல்லபுரத்தின் சந்துகளில் அறை விடும் சிலர் இதை மறந்துவிடுவார்கள். அந்த நிலையில் நீங்கள் திருட்டுப் புகாரோடு போனால், பையைப் பற்றிய பேச்சு ஐந்து நிமிடத்தில் வீட்டுக்காரரைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். பயணிக்கோ தன்னையே குற்றவாளியாக விசாரிக்கிறார்கள் என்று தோன்றும். அறை எடுத்த அன்றே, பதிவு செய்தாயிற்றா என்று கேட்டு வையுங்கள்.

திருட்டைத் தொலைப்பாக மொழிபெயர்ப்பது

2011 என்று நினைவு. ஓய்வுபெற்ற ஒரு பிரெஞ்சுத் தம்பதி. பேருந்து நிலையத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன் அந்த அம்மாளிடம் பேனா கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பின்னால் நின்றவன் கணவரின் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பாஸ்போர்ட், கேமரா, நல்ல தொகை யூரோ. கணவர் திரும்பத் திரும்ப "வோலே, வோலே" என்றார். திருடப்பட்டது என்று பொருள். எனக்கு அந்தச் சொல் தெரியாமல் இல்லை.

நிலையத்தில் எஸ்.ஐ. என்னை ஓரமாக அழைத்தார். "இவர்கள் எப்போது ஊருக்குப் போகிறார்கள்?" "வெள்ளிக்கிழமை ஐயா." "தொலைந்தது என்று எழுதிக் கொடுத்தால் இப்போதே ரசீது தருகிறேன். பாஸ்போர்ட் வாங்க அது போதும்." எனக்கும் மறுநாள் தஞ்சாவூர்ப் பயணம் இருந்தது. அரை மணி நேரத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோடு வெளியே வந்தேன். புகார் வந்தது என்பதற்கான சீட்டு மட்டும்தான் அது, முதல் தகவல் அறிக்கை அல்ல. அந்த அம்மாள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். எவ்வளவு சாமர்த்தியசாலி நான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து மின்னஞ்சல் வந்தது. அவர்களுடைய காப்பீடு திருட்டுக்குத்தான் பணம் தரும். கவனக்குறைவால் தொலைத்ததற்குத் தராது. போலீஸ் காகிதத்தில் 'தொலைந்துவிட்டது' என்று இருக்கிறதே, அப்படியா சொன்னீர்கள் என்று கேட்டிருந்தார் கணவர். கோபமே இல்லாத கேள்வி. இன்றைக்கும் அதுதான் உறுத்துகிறது. பதில் எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

எஸ்.ஐ.யைத் திட்டிவிட்டு நகர்வது எளிது. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் கணக்கு வேறு. புகார்தாரர் நான்கு நாளில் விமானம் ஏறிவிடுவார். ஆளைப் பிடித்தாலும் அடையாளம் காட்ட யார் வருவார்? வழக்கு விசாரணைக்கு வரும்போது சாட்சி எங்கோ லியோனில் இருப்பார். ஆக, பதிவு செய்த அன்றே அது கண்டுபிடிக்க முடியாத வழக்கு; ஒவ்வொரு மாதமும் மேலதிகாரி கேட்பார், பதில் சொல்ல வேண்டும். போதாததற்கு, வெளிநாட்டவர் வழக்கு என்றால் தூதரகம், பத்திரிகை என்று தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். பயணியை விரைவாக அனுப்பிவைப்பதே அவருக்கும் நல்லது என்று காவலர் மனமார நம்புகிறார்.

பயணியின் தேவையோ அந்த நம்பிக்கைக்கு நேர் எதிர். கேமரா திரும்பக் கிடைக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. நடந்தது நடந்தபடி எழுதிய ஒரு காகிதம் வேண்டும். அதைக் காட்டித்தான் தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம் கேட்க வேண்டும், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் நாட்டை விட்டு வெளியேற அனுமதி பெற வேண்டும், ஊருக்குப் போய்க் காப்பீடு கேட்க வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களே சொல்லை மாற்றினால் இருவருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஆகவே புகாரை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். பயணியே ஆங்கிலத்திலோ தன் மொழியிலோ கைப்பட எழுதட்டும்: நாள், நேரம், இடம், எப்படி நடந்தது, பொருள்களின் பட்டியல், மதிப்பு, பாஸ்போர்ட் எண், மின்னஞ்சல். கீழே தமிழ் மொழிபெயர்ப்பை எழுதி, மொழிபெயர்த்தவர் என்று உங்கள் கையொப்பத்தை இடுங்கள். கையொப்பம் இடப் போகிறோம் என்றாலே 'திருட்டு' 'தொலைப்பு' ஆகாது. முதல் தகவல் அறிக்கை தமிழில் இருந்தாலும், கூடவே இருக்கும் அந்த ஆங்கிலப் பக்கம் காப்பீட்டுக்காரருக்குப் புரியும். பையைப் பிடுங்கியிருந்தால் 'பறிப்பு' என்றே எழுதுங்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 304-ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் நடந்த இடம் எதுவானாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னஞ்சல் போன்ற வழியிலும் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் கையொப்பம் இட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். இதைச் சட்டப் புத்தகம் போல நிலையத்தில் ஒப்பிக்காதீர்கள், காரியம் கெடும். தெரிந்தவர் பேசும் பணிவு வேறு, தெரியாதவர் பேசும் பணிவு வேறு. காவலருக்கு வித்தியாசம் புரியும்.

மறுபக்கமும் உண்டு. படகிலிருந்து போனைக் கடலில் போட்டுவிட்டு, திருட்டு என்று எழுதித் தரச் சொல்லும் பயணிகளையும் பார்த்திருக்கிறேன். 'இன்சூரன்ஸுக்காகச் சொல்கிறார்கள்' என்ற காவலரின் சந்தேகம் வானத்திலிருந்து குதித்ததல்ல. பொய்த் தகவலுக்குத் துணை போனால் சிக்குவது விமானம் ஏறியவர் அல்ல, நீங்கள்.

தூதரகத்தைக் காட்டி மிரட்டுவது

வேண்டாம். தூதரகம் துப்பறியாது, ஆவணம் தரும், வழக்கறிஞர் பட்டியல் தரும். தமிழ்நாட்டில் இருக்கும் பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரியில் துணைத் தூதரகம் இருக்கிறது, டெல்லிக்கு ஓடாதீர்கள்.

பாதுகாப்பு என்றால் பந்தோபஸ்து என்று நினைப்பது

2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். 2022-இல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட். இரண்டு முறையும் ஊரில் மரத்துக்கு ஒரு காவலர். அதைப் பார்த்தே வளர்ந்த நம் ஆட்கள், பயணியிடம் "இங்கே நிறையப் போலீஸ் இருக்கிறது" என்று ஆறுதல் சொல்கிறார்கள். கலவரம் நடந்த ஊரா என்று கேட்டார் ஒரு டச்சுக்காரர். அவருக்குத் தேவைப்பட்டது ஓர் எண்: இரவில் அழைத்தால் தன் மொழி பேசுபவர் எடுப்பாரா? 1363, அரசின் சுற்றுலா உதவி எண். இந்தி, ஆங்கிலம் தவிர பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் உட்படப் பத்து அயல்மொழிகள். ஆபத்து என்றால் 112.

செயற்கைக்கோள் போன்

பாதுகாப்புக்காகப் பயணிகளின் ஊரில் மலையேறுபவர்கள் எடுத்துப் போகும் கருவி, நம் ஊரில் முன் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். கோவாவிலும் புதுச்சேரியிலும் விமான நிலையத்தில் பயணிகளை நிறுத்திவைத்த செய்திகள் வந்தன. வருவதற்கு முன்பே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள்.

பெண் பயணியின் புகாரை நாகரிகப்படுத்துவது

கூச்சத்தால் நாம் செய்வது: அவர் சொன்னது உடல் பாகத்தின் பெயரோடு, நாம் சொல்வது 'தொந்தரவு செய்தான்'. வழக்கே அந்த இடத்தில் செத்துவிடும். இப்படிப்பட்ட பாலியல் புகாரில் பெண் அதிகாரிதான் வாக்குமூலம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மொழிபெயர்ப்பவரும் பெண்ணாக இருக்கட்டும். ஒரு பெண் வழிகாட்டியின் எண்ணைக் கையில் வைத்திருங்கள், அவர் வந்ததும் வெளியே போய் நில்லுங்கள். அந்தப் பெண்ணின் பெயரையோ படத்தையோ வாட்ஸாப் குழுவில் போடும் புத்திசாலிகளுக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

கடலில் இறங்க விடுவது

கடற்கரைக் கோயில் பக்கம், கூடவே கூடாது.

பாஸ்போர்ட் படத்தை உங்கள் போனில் வைத்திருப்பது

முதல் நாளே பாஸ்போர்ட், விசா, நுழைவு முத்திரை மூன்றையும் படமெடுத்து, அவர்களுடைய மின்னஞ்சலுக்கே அவர்களை அனுப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு நகல் வேண்டாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் போன் போனபோது அதில் பதினொரு பேருடைய பாஸ்போர்ட் இருந்தது. அது திருட்டு அல்ல, பேருந்து இருக்கையில் நானே விட்டுவிட்டு இறங்கியது. அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.